இன்று பஹாய்கள்; நாளை யார்?

2022-ம் வருஷம் ஆகஸ்டு 2-ந் தேதி. ஈரான் நாட்டின் வடக்கே மாஜந்தரான் மாகாணத்தில் ரோஷன்கூ என்றொரு சின்னஞ்சிறு கிராமம். உழுது பிழைக்கும் ஜனங்களின் ஊர். அன்று சுமார் 200 போலீசாரும் சர்க்கார் ஆட்களும் மண்வாரும் யந்திரங்களோடு ஊருக்குள் நுழைந்தார்கள். பாதையை அடைத்தார்கள். எதிர்த்துக் கேட்டவர்களின் கைபேசிகளைப் பறித்தார்கள். ஆறு வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 20 ஹெக்டேர் நிலத்தை, நமது கணக்கில் ஏறத்தாழ 50 ஏக்கரை, பறித்துக்கொண்டு போனார்கள்.

காட்டு நிலத்தை ஆக்கிரமித்தார்கள் என்று சர்க்கார் காரணம் சொல்லிற்று. புறம்போக்கு என்று சொல்லிக் குடிசையைப் பிய்த்தெறியும் காட்சியை நேரில் பார்த்த நமது விவசாயத் தொழிலாளருக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. ஆனால் இங்கே இன்னொரு சங்கதியும் இருக்கிறது. வீடிழந்த அந்த விவசாயிகள் பஹாய்கள். அதே மாகாணத்தில் ஈவல் என்ற கிராமத்திலும் இதே கதைதான். நூறு வருஷங்களுக்கும் மேலாக அங்கே குடியிருந்து பயிரிட்டு வந்த பஹாய்க் குடும்பங்கள் 1983-ல் அடித்து விரட்டப்பட்டன. பூட்டிக் கிடந்த அவர்களுடைய வீடுகள் சுமார் ஐம்பது, 2010-ல் இடிக்கப்பட்டன. அவர்களுக்கு அந்த நிலத்தில் உரிமையே கிடையாது என்று 2020-ல் கோர்ட்டும் தீர்ப்பளித்துவிட்டது. பாட்டன் முப்பாட்டன் வெட்டித் திருத்திய காணி, கும்பிடும் முறை வேறு என்பதற்காகக் கைமாறிப் போயிற்று!

“இது தூர தேசத்து விவகாரம், அதிலும் மத விவகாரம். மில்லில் வேலைப்பளுவுக்கும் வயலில் கூலிக்கும் போராடும் நமக்கு இதில் என்ன அக்கறை?” என்று சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை சொல்லவே இந்தத் தலையங்கத்தை எழுதுகிறோம்.

பஹாய்கள் யார்?

டில்லிக்குப் போய்வந்த தோழர்கள் அங்கே வெள்ளைத் தாமரை வடிவில் நிற்கும் கோயிலைப் பார்த்திருப்பார்கள். 1986-ல் திறக்கப்பட்ட அந்தக் கட்டிடம் பஹாய்களின் வழிபாட்டுத் தலம். அதை வடிவமைத்தவர் ஒரு ஈரானியர். ஆனால் அந்த மதம் பிறந்த ஈரானிலோ, இப்படியொரு கோயில் கட்ட இடமில்லை என்பது மட்டுமல்ல, இருந்த தலங்களும் இடிக்கப்பட்டுவிட்டன.

இதன் சரித்திரம் 1844-ல் ஆரம்பமாகிறது. ஷிராஜ் நகரத்து வியாபாரக் குடும்பம் ஒன்றில் பிறந்த சையது அலி முகம்மது என்ற இளைஞர், புதிய யுகம் பிறந்துவிட்டது என்று பிரகடனம் செய்தார். ‘பாப்’, அதாவது ‘வாயில்’, என்று அவரை அழைத்தார்கள். அன்றைய பாரசீகத்தின் நிலைமை என்ன? மேலே கஜார் வம்சத்து ஷாவின் எதேச்சாதிகாரம். கீழே நிலப்பிரபுக்களின் கொடுமை. 1828-ல் ஜார் ரஷ்யாவும் 1841-ல் பிரிட்டனும் திணித்த ஒப்பந்தங்களின்படி அன்னிய சரக்குக்கு நூற்றுக்கு ஐந்து சுங்கம் மட்டுமே. அன்னியத் துணி வந்து குவிந்தது. உள்ளூர் நெசவாளி தறியை விட்டு இறங்கினான். மான்செஸ்டர் துணியால் நமது நெசவாளி பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் புழுக்கத்திலேதான் பாபின் குரல் தீயாய்ப் பரவிற்று. சிறு வியாபாரிகளும் கைவினைஞர்களும் குடியானவர்களும் கீழ்த்தட்டு மதபோதகர்களும் அவர் பின்னால் திரண்டார்கள். 1848-ல் பதஷ்த் என்ற ஊரில் நடந்த கூட்டத்தில், பழைய மதச் சட்டத்தின் காலம் முடிந்துவிட்டது என்ற பேச்சு எழுந்தது. தாஹிரே என்ற பெண் கவி அந்தக் கூட்டத்தில் முகத்திரையில்லாமல் வந்து நின்றார். 175 வருஷங்களுக்கு முன்னே! தபர்சியிலும் நைரீஸிலும் ஜான்ஜானிலும் ஷாவின் பட்டாளத்தை எதிர்த்து இந்த மக்கள் போர் புரிந்தார்கள். இவை வெறும் மதச் சண்டைகள் அல்ல, நிலப்பிரபுத்துவத்துக்கு எதிரான ஜன எழுச்சிகள் என்று 1939-ல் சோவியத் சரித்திர ஆசிரியர் இவானோவ் ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

ஆளும் வர்க்கம் சும்மா இருக்குமா? 1850 ஜூலை 9-ந் தேதி தப்ரீஸ் நகரில் பாப் சுட்டுக் கொல்லப்பட்டார். 1852-ல் ஆத்திரமடைந்த சிலர் ஷாவைக் கொல்ல முயன்று தோற்றார்கள். அதைச் சாக்காக வைத்து மாபெரும் படுகொலை நடந்தது. அதை நடத்திய விதத்தைப் பாருங்கள்: கைதிகளை ஒவ்வொருவராகப் பிரித்து, அரண்மனையின் ஒவ்வொரு இலாகாவிடமும், பட்டாளத்திடமும், வியாபாரிகளிடமும், மதகுருமாரிடமும் ஒப்படைத்துக் கொல்லச் செய்தார்கள். கொலையில் எல்லோருக்கும் பங்கு! பின்னால் யாரும் வாய் திறக்க முடியாதல்லவா? தாஹிரேயும் அந்த வருஷம்தான் கொல்லப்பட்டார்.

மிஞ்சியவர்களில் ஒருவர் மிர்சா ஹுசேன் அலி. பின்னாளில் ‘பஹாவுல்லா’ என்று பெயர் பெற்றவர். தெஹ்ரானின் இருட்டுச் சிறையில் கிடந்த அவரை 1853-ல் பாக்தாதுக்கு நாடு கடத்தினார்கள். அங்கிருந்து இஸ்தான்புல், எதிர்னே என்று துருக்கி சுல்தானின் கைதியாக அலைந்து, 1868-ல் பாலஸ்தீனத்துக் கடற்கரையிலுள்ள அக்கா கோட்டையில் அடைபட்டார். 1892-ல் அந்த ஊருக்கருகிலேயே காலமானார். அவர் போதித்ததே பஹாய் மதம். மானிட ஜாதி ஒன்று. ஆணும் பெண்ணும் சமம். எல்லோருக்கும் கல்வி வேண்டும். யுத்தம் ஒழிய வேண்டும். புரோகிதர் என்ற தனிக் கூட்டமே தேவையில்லை. இவை அதன் சாரம்.

அவர் ஆயுதத்தைக் கைவிடச் சொன்னார். சர்க்காருக்குக் கீழ்ப்படிய வேண்டும், கட்சி அரசியலில் சேரக் கூடாது என்பதும் பஹாய்களின் விதி. வர்க்கப் போராட்டத்தை அவர்கள் ஏற்பதில்லை. இதிலே அவர்களுக்கும் நமக்கும் உள்ள வேற்றுமையை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. சுரண்டுகிறவனின் மனம் மாறிச் சமத்துவம் வரும் என்று நாம் நம்பவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கலகம் செய்தபோதும் அவர்களைக் கொன்றார்கள். ஆயுதத்தைக் கீழே போட்டு அடங்கி நடந்தபோதும் அவர்களை விடவில்லை. 1903-ல் யஸ்து நகரிலும் இஸ்பஹானிலும் வெறிக்கும்பல்கள் பஹாய்களை வீடு வீடாகத் தேடிக் கொன்றன. ஏன்?

முகம்மது நபியே இறுதித் தூதர் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. அவருக்குப் பின்னும் ஒரு தூதர் வந்தார் என்பது பஹாய்களின் நம்பிக்கை. அந்த வாதத்தில் தீர்ப்புச் சொல்வது நமது வேலையல்ல. நம்பிக்கை அவரவர் சொந்த விஷயம். ஆனால் குருமாரே வேண்டாம் என்று சொல்லும் ஒரு மதத்தைக் கண்டு, நிலமும் வக்பு சொத்தும் நீதி ஸ்தலமும் பள்ளிக்கூடமும் கைவசம் வைத்திருந்த குருமார் கூட்டம் ஏன் கொதித்தது என்பதைப் புரிந்துகொள்ள வேதம் படித்திருக்க வேண்டியதில்லை.

ஷா போட்ட பேரம்

1906-07-ல் ஈரான் மக்கள் போராடி ஓர் அரசியல் சட்டத்தைப் பெற்றார்கள். கிறிஸ்தவர், யூதர், ஜொராஸ்டிரர் ஆகியோருக்குப் பார்லிமெண்டில் இடம் கிடைத்தது. பஹாய்களின் பெயரே அதில் இல்லை. ஊர் ஊராகப் பஹாய்கள் பள்ளிக்கூடங்கள் நடத்தினார்கள். பெண் குழந்தைகளுக்கும் எழுத்தறிவித்தார்கள். தங்கள் பண்டிகை நாளில் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள் என்பதைக் காரணமாகக் காட்டி 1934-ல் ரெஜா ஷா அந்தப் பள்ளிகளையெல்லாம் இழுத்து மூடினார்.

அடுத்து நடந்ததுதான் நமது கவனத்துக்கு மிகவும் உரியது. 1951-ல் ஈரான் தன் எண்ணெய் வளத்தைத் தேசவுடைமை ஆக்கிற்று. 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு ஸ்தாபனங்கள் சதி செய்து பிரதமர் மொசாதேக்கைக் கவிழ்த்து, ஓடிப்போன ஷாவைத் திரும்பக் கொண்டுவந்து அமர்த்தின. மதகுருமாரில் முக்கியமானவர்கள் அந்தச் சமயத்தில் ஷாவின் பக்கம் நின்றார்கள். 1954-ல் ஈரானின் எண்ணெய் புதிய கூட்டுக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. நூற்றுக்கு 40 பங்கு பிரிட்டிஷ் கம்பெனிக்கு. 40 பங்கு அமெரிக்கக் கம்பெனிகளுக்கு. ஈரானின் கம்யூனிஸ்டுக் கட்சியான துதே கட்சி நசுக்கப்பட்டது. அதைச் சேர்ந்த ராணுவ அதிகாரிகள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

தேசத்தின் சொத்தை அன்னியனுக்குக் கொடுத்தாயிற்று. ஜனங்கள் உள்ளுக்குள் குமுறுகிறார்கள். அவர்களுடைய கோபத்தை எங்கே திருப்பிவிடுவது? 1955 ரமலான் மாதத்தில் பல்சபி என்ற மதபோதகர் சர்க்கார் ரேடியோவிலேயே நாள்தோறும் பஹாய்களுக்கு எதிராக விஷம் கக்கினார். ரேடியோ யாருடையது? ஷாவுடையது! மே 7-ந் தேதி தெஹ்ரானிலிருந்த பஹாய்களின் தலைமை நிலையத்தைப் பட்டாளம் கைப்பற்றியது. அதன் கும்மட்டத்தை இடிக்கப் பல்சபியோடு சேர்ந்து, ஷாவின் ராணுவத் தலைமைத் தளபதியே கையில் கடப்பாறை எடுத்தார்! ஜூலையில் யஸ்துக்கு அருகே ஹோர்மோஜக் என்ற கிராமத்தில் ஏழு பஹாய்களை ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. வெளிநாடுகளில் கண்டனம் எழுந்த பிறகே ஷா பின்வாங்கினார்.

எண்ணெய் போன திக்கை ஜனங்கள் பார்க்கக் கூடாது. பக்கத்து வீட்டு பஹாயைப் பார்க்க வேண்டும். இதுதான் சூட்சுமம். நமது மில் வாசலிலும் சேரியோரத்திலும் வேறு பெயரில் இதே சூட்சுமத்தை நாம் பார்த்ததில்லையா?

1979-க்குப் பின்

1979-ல் ஈரான் மக்கள் ஷாவை விரட்டினார்கள். அந்த வெற்றியில் எண்ணெய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் அதன் பலனை மதகுருமார் அபகரித்துக்கொண்டார்கள். அந்த வருஷமே நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 13-வது ஷரத்து, ஜொராஸ்டிரர், யூதர், கிறிஸ்தவர் ஆகிய மூவரை மட்டுமே சிறுபான்மை மதத்தினராக அங்கீகரித்தது. சுமார் மூன்று லட்சம் பேர் கொண்ட, முஸ்லிம் அல்லாதவரில் மிகப் பெரிய சமூகமான பஹாய்களுக்கு அதில் இடமில்லை. ஷிராஜில் இருந்த பாபின் வீடு, பஹாய்களின் புனிதத் தலம், அதே வருஷம் இடிக்கப்பட்டது.

1980 ஆகஸ்டு 21-ந் தேதி பஹாய்களின் தேசியச் சபையின் ஒன்பது உறுப்பினர்களும் கடத்திச் செல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவேயில்லை. அவர்களுக்குப் பதிலாக வந்தவர்களில் எட்டுப் பேர் 1981 டிசம்பரில் கொல்லப்பட்டார்கள். 1983 ஜூன் 18-ந் தேதி ஷிராஜ் நகரில் பத்துப் பெண்களைத் தூக்கிலிட்டார்கள். மூத்தவருக்கு வயது 57. இளையவள் மோனா மஹ்மூத்நிஜாத், வயது 17. குழந்தைகளுக்கு மதபாடம் சொல்லிக் கொடுத்ததுதான் அவள் செய்த குற்றம்! மதத்தைத் துறந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் உயிர் தப்பியிருக்கலாம். ஒருத்திகூடச் சொல்லவில்லை. 1979-க்குப் பின் கொல்லப்பட்ட பஹாய்கள் 200 பேருக்கும் அதிகம்.

அந்த 1983-ம் வருஷத்தை மனதில் வையுங்கள். பிப்ரவரியில் துதே கட்சித் தலைவர்கள் கைதானார்கள். மே மாதம் கட்சி தடை செய்யப்பட்டது. ஜூனில் பஹாய்ப் பெண்கள் தூக்கில் தொங்கினார்கள். ஆகஸ்டில் பஹாய் ஸ்தாபனங்கள் அனைத்துக்கும் தடை. அடுத்த பிப்ரவரியில் துதே கட்சியைச் சேர்ந்த ராணுவ அதிகாரிகள் பத்துப் பேர், கடற்படைத் தளபதியாக இருந்தவர் உட்பட, சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மதத்தையே ஏற்காத கம்யூனிஸ்டும், கட்சி அரசியலையே தொடாத பஹாயும் ஒரே வருஷத்தில், ஒரே குற்றச்சாட்டின் பேரில் வேட்டையாடப்பட்டார்கள்: “அன்னிய நாட்டு உளவாளி!”

வயிற்றில் அடிக்கும் கட்டளைகள்

தூக்குமரம் உலகத்தின் கண்ணில் படுகிறது. சோற்றுப்பானையில் விழும் அடி கண்ணில் படுவதில்லை. பாட்டாளிகளாகிய நமக்கு அதன் வலி தெரியும்.

புரட்சிக்குப் பின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பஹாய்கள் சர்க்கார் உத்தியோகங்களிலிருந்தும் கல்விக்கூடங்களிலிருந்தும் நீக்கப்பட்டார்கள். சார்ஜ் ஷீட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. பஹாய் என்பதே காரணம். வாழ்நாள் முழுவதும் உழைத்து ஓய்வு பெற்றவர்களின் பென்சன் நிறுத்தப்பட்டது. அத்தோடு நின்றதா? அதுவரை வாங்கிய சம்பளத்தைத் திருப்பிக் கட்டு என்று பலருக்கு நோட்டீஸ் வந்தது! செய்த வேலையைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? சிந்திய வேர்வையைத் திருப்பி வாங்க முடியுமா? எந்த முதலாளியும் கனவில்கூடக் காணாத அக்கிரமத்தை ஒரு சர்க்கார் செய்தது.

1991 பிப்ரவரியில், அன்றைய உச்சத் தலைவர் காமெனெயியின் ஒப்புதலோடு ஒரு ரகசியக் கட்டளை தயாரானது. பஹாய்களின் முன்னேற்றத்துக்கான வழிகளை அடைக்க வேண்டும். பஹாய் என்று தெரிந்தால் பல்கலைக் கழகத்திலிருந்து வெளியேற்ற வேண்டும். பஹாய் என்று சொல்லிக்கொண்டால் வேலை கொடுக்கக் கூடாது. இது அதன் சாராம்சம். ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை மூலம் 1993-ல் அது உலகத்துக்குத் தெரிய வந்தது.

2007 ஏப்ரலில் தெஹ்ரான் போலீஸ் இலாகா, பஹாய்கள் செய்யக்கூடாத தொழில்கள் என்று இருபதுக்கும் அதிகமானவற்றைப் பட்டியல் போட்டது. அச்சுக்கூடம் கூடாது, ஓட்டல் கூடாது, நகைக்கடை கூடாது, கம்ப்யூட்டர் தொழில் கூடாது. உணவுப் பண்டம் விற்கவும் கூடாது. ஏனென்றால் பஹாயின் கை பட்டால் தீட்டாம்! தோழர்களே, இந்தச் சொல் எங்கோ கேட்ட சொல்லாக இல்லையா? தனிக் குவளையும் தனிக் கிணறும் கண்ட மண்ணில் வாழும் விவசாயத் தொழிலாளிக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம். தீட்டு என்பது எந்த மதத்தின் பெயரால் வந்தாலும் அது உழைப்பவனைத் தாழ்த்தி வைக்கச் செய்த விலங்குதான்.

கல்விச் சாலைக் கதவு மூடப்பட்டபோது பஹாய்கள் 1987-ல் தாங்களாகவே வீடுகளில் உயர்கல்வி வகுப்புகளை ஆரம்பித்தார்கள். வேலை பறிபோன ஆசிரியர்கள் பாடம் நடத்தினார்கள். 1998-லும் 2011-லும் போலீசார் அந்த வீடுகளில் புகுந்து சோதனை போட்டு ஆசிரியர்களைப் பிடித்துச் சென்றார்கள். ஆயுதத்தைத் தேடியல்ல, பாடப் புத்தகத்தைத் தேடி! சமூக காரியங்களைக் கவனித்து வந்த ஏழு பேரை 2008-ல் பிடித்து, பத்து வருஷம் சிறையில் போட்டார்கள். அந்த எழுவரில் மஹ்வஷ் சாபெத், பரீபா கமாலாபாதி என்ற இரு பெண்களை 2022-ல் மறுபடியும் கைது செய்து, மறுபடியும் பத்து வருஷத் தண்டனை விதித்தார்கள்.

கொலையுண்டவரின் குடும்பத்துக்குக் கொடுக்கும் நஷ்டஈட்டில் முஸ்லிமுக்கும் பிற மதத்தினருக்கும் இருந்த வித்தியாசத்தை 2004 வாக்கில் நீக்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அங்கீகாரம் பெற்ற மூன்று மதத்தினருக்கு மட்டுமே அது! சட்டத்தில் பெயரில்லாதவனின் உயிருக்கு விலையும் இல்லை.

உளவாளி என்ற பழைய பல்லவி

பஹாய்களின் உலகத் தலைமை நிலையம் இஸ்ரேலிலுள்ள ஹைபா நகரில் இருக்கிறது. ஆகவே அவர்கள் யூத வெறியரின் ஒற்றர்கள் என்பது ஈரான் ஆட்சியாளரின் வாதம். பாலஸ்தீன மக்களின் விடுதலைக்குக் குரல் கொடுப்பவர்கள் நாம். ஆகவே இந்த வாதத்தை நாம் உரசிப் பார்க்கத்தான் வேண்டும்.

பஹாவுல்லா பாலஸ்தீனத்துக்குப் போனது எப்போது? 1868-ல். இஸ்ரேல் உண்டானது எப்போது? 1948-ல். இடையே 80 வருஷம்! அவர் அங்கே விரும்பியா போனார்? ஷா நாடு கடத்தினான். துருக்கி சுல்தான் கைதியாகக் கொண்டுபோய் அடைத்தான். ஒருவனைச் சங்கிலி போட்டு இழுத்துச் சென்று ஓர் ஊரில் விட்டுவிட்டு, நீ ஏன் அந்த ஊரில் இருக்கிறாய் என்று அவனுடைய பேரனைத் தூக்கிலிடுவது என்ன நியாயம்?

இன்னொன்றையும் பாருங்கள். 1940-களில் இதே பஹாய்களை ரஷ்ய ஒற்றர்கள் என்றார்கள். இந்த மதத்தையே உண்டாக்கியதாக ரஷ்யத் தூதர் தோல்கோருகி எழுதி வைத்த குறிப்பு என்று ஒரு போலிப் புத்தகத்தைப் பரப்பினார்கள். பிறகு பிரிட்டிஷ் ஒற்றர்கள் என்றார்கள். பிறகு அமெரிக்க, இஸ்ரேலிய ஒற்றர்கள் என்றார்கள். எஜமானன் பெயர் மாறிக்கொண்டே வந்தது. குற்றவாளி மட்டும் மாறவில்லை. சாட்சியம்? அது எப்போதும் இல்லை.

“ஷாவின் ஆட்சியில் பஹாய்களில் சிலர் கோடீசுவரராக இருந்தார்களே?” என்று கேட்கிறார்கள். இருந்தார்கள். முஸ்லிம்களிலும் இருந்தார்கள், அவர்களே அதிகம். பணக்காரனைப் பணக்காரன் என்பதற்காக எதிர்ப்பது வர்க்கப் போராட்டம். பணக்காரனைக் காட்டி அவனுடைய மதத்து ஏழையை உதைப்பது வகுப்புவாதம். கோடீசுவரனுக்கு விமானம் இருந்தது. ஈவல் கிராமத்துக் குடியானவனுக்கு என்ன இருந்தது? பஹாய்களை ஒழிப்பதற்கென்றே ஹொஜ்ஜதியே என்ற சங்கம் 1950-களில் உருவாகி, ஷாவின் ஆட்சியிலேயே தடையின்றி வளர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஷாவின் செல்லப் பிள்ளைகள் பஹாய்கள் என்ற கதை எவ்வளவு தூரம் நிற்கும்?

முதலைக் கண்ணீர்

இங்கே இன்னொரு பக்கமும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்க ஏகாதிபத்தியம் பஹாய்களுக்காகக் கண்ணீர் வடிக்கிறது. 1953-ல் மொசாதேக்கைக் கவிழ்த்து, ஈரானின் ஜனநாயகத்தைக் குழிதோண்டிப் புதைத்தது யார்? ஷாவின் சித்திரவதைப் போலீசுக்குப் பயிற்சி கொடுத்தது யார்? பொருளாதாரத் தடை போட்டு, ஈரான் தொழிலாளி வீட்டு ரொட்டியையும் மருந்தையும் எட்டாத விலைக்கு ஏற்றியது யார்?

2025 ஜூனில் இஸ்ரேலும் பிறகு அமெரிக்காவும் ஈரான்மீது குண்டு பொழிந்தன. அதனால் பஹாய்களுக்கு விமோசனம் வந்ததா? வந்தது புதிய வேட்டை! குண்டு விழுந்த சில வாரங்களிலேயே ‘உளவாளி’ என்ற கூச்சல் இரு மடங்காயிற்று. சோதனைகளும் கைதுகளும் பெருகின. அன்னியன் போடும் ஒவ்வொரு குண்டும் உள்ளூர்க் கொடுங்கோலனுக்குக் கிடைக்கும் சாக்கு. ஈரானின் கொடுமைகளை ஈரான் மக்களே முடிக்க வேண்டும், அவர்களால் முடியும்.

நம் நாட்டிலும் சிலர் இந்தச் செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, “பார்த்தீர்களா, முஸ்லிம்கள் இப்படித்தான்!” என்று கூவ வருவார்கள். 1992-ல் அயோத்தியில் மசூதியை இடித்த கைகளுக்கு, ஷிராஜில் வீடு இடித்ததைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது? சட்டத்தின் மூலம் ஒரு கூட்டத்தை ஒதுக்கி வைப்பது எந்த ஒரு மதத்துக்கும் ஏகபோகமல்ல. பாகிஸ்தானில் 1974-லும் 1984-லும் அகமதியாக்களுக்கு நேர்ந்ததும் அதுதான். எகிப்தில் 1960-ல் நாசர் சர்க்கார் பஹாய் ஸ்தாபனங்களைக் கலைத்தது. அங்கே அடையாளச் சீட்டில் மதம் என்ற இடத்தில் வெறும் கோடு போட்டுக்கொள்ளும் உரிமையைப் பெறவே பஹாய்கள் 2009 வரை கோர்ட்டு படியேற வேண்டியிருந்தது. ஏகாதிபத்தியத்தை எதிர்க்கிறோம் என்ற பெயரால் சொந்தப் பிரஜையின் உரிமையைப் பறிப்பதை நாம் ஒருபோதும் நியாயப்படுத்த முடியாது.

ஈரானின் முஸ்லிம் மக்கள் எல்லோரும் இந்த அக்கிரமத்துக்கு உடந்தை என்று சொல்வதும் பச்சைப் பொய். பஹாய்களுக்குப் பிரஜாவுரிமை உண்டு என்று 2008-ல் பகிரங்கமாகச் சொன்னவர் மூத்த மதத்தலைவர் ஆயதுல்லா மோந்தசரி. சிறையிலிட்ட எழுவருக்காக வாதாட முன்வந்தவர் வக்கீல் ஷிரின் எபாதி. 2009-ல் ஈரானிய எழுத்தாளர்களும் அறிஞர்களும் கூடி, பஹாய்களுக்கு நடந்ததைக் கண்டு வாய்மூடி இருந்ததற்காக வெட்கப்படுகிறோம் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அவர்களே உண்மையான ஈரான்.

நமக்கு என்ன அக்கறை?

ஆரம்பத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம்.

ஹப்த் தப்பே என்பது ஈரானின் குஜிஸ்தான் மாகாணத்திலுள்ள பெரிய கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும். 2018-ல் அங்கே தொழிலாளர்கள் சம்பள பாக்கி கேட்டும், ஆலையைத் தனியாருக்கு விற்றதை எதிர்த்தும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய தலைவர் இஸ்மாயில் பக்ஷியைப் பிடித்துச் சென்று அடித்தார்கள். அன்னியரோடு தொடர்பு வைத்திருந்ததாக ‘ஒப்புதல் வாக்குமூலம்’ வாங்கி 2019 ஜனவரியில் டெலிவிஷனில் காட்டினார்கள். பிறகு நீண்ட சிறைத் தண்டனை. அவர்மீது போட்ட வழக்கு என்ன? தேசப் பாதுகாப்புக்கு விரோதமாக நடந்தார். ஆட்சிக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். பஹாய் ஆசிரியைமீது போடும் வழக்கு என்ன? அதேதான்! ஒரு எழுத்துக்கூட வித்தியாசமில்லை.

சம்பளம் கேட்ட ஆலைத் தொழிலாளிக்கும் பாடம் சொல்லிக் கொடுத்த பெண்ணுக்கும் ஒரே கயிறு. பலமில்லாத ஒரு சிறு கூட்டத்தின்மீது முதலில் அந்தக் கயிற்றை வீசிப் பார்க்கிறார்கள். ஊர் சும்மா இருந்தால் கயிறு பழகிவிடுகிறது. பிறகு சங்கத்தின் கழுத்துக்கு வருகிறது. விசாரணையில்லாமல் ஒரு பஹாயை டிஸ்மிஸ் செய்ய முடிந்தால், விசாரணையில்லாமல் யாரையும் டிஸ்மிஸ் செய்ய முடியும். மதத்தைக் காட்டி ஒருவனுடைய நிலத்தைப் பறிக்க முடிந்தால், ஜாதியைக் காட்டியும் பாஷையைக் காட்டியும் கொடியின் நிறத்தைக் காட்டியும் பறிக்க முடியும்.

தெஹ்ரானின் தென்கிழக்கே காவரான் என்றொரு இடுகாடு இருக்கிறது. 1988-ல் ஈரானின் சிறைகளில் ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகளைக் கொன்றபோது, கம்யூனிஸ்டுகளும் பிற இடதுசாரிகளுமாகப் பலரை அங்கே குழிகளில் கொட்டி மூடினார்கள். பெயர்க்கல் வைக்கத் தாய்மாருக்கு அனுமதியில்லை. நகரத்திலிருந்த கல்லறையைப் பறிகொடுத்த பஹாய்கள் தங்கள் இறந்தோரைப் புதைப்பதும் அதே காவரானில்தான். 2021 ஏப்ரலில் அதிகாரிகள் பஹாய்களுக்கு ஓர் உத்தரவு போட்டார்கள்: இனி உங்கள் பிணங்களை அந்தக் கைதிகள் கிடக்கும் மண்ணையே தோண்டிப் புதையுங்கள்! கொலையின் தடயமும் அழியும்; இரு தரப்பாரும் ஒருவரோடொருவர் மோதிக்கொள்வார்கள் என்பதே கணக்கு.

கணக்கு பொய்த்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் மனம் புண்படும்படி அந்தக் குழிகளைக் கிளற மாட்டோம் என்று பஹாய்கள் மறுத்தார்கள். கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தாரும் பஹாய்களோடு சேர்ந்து எதிர்ப்புக் குரல் கொடுத்தார்கள். கடவுளை நம்புகிறவனும் நம்பாதவனும் ஒரே மண்ணைக் காக்க ஒன்றாக நின்றார்கள். கம்யூனிஸ்டுகளின் எலும்புகளுக்கு மரியாதை காட்டிய மக்களின் உரிமைக்காக நாம் குரல் கொடுக்காமல் வேறு யார் கொடுப்பது?

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. ஈரானின் பஹாய்களுக்கு முழுப் பிரஜாவுரிமை வேண்டும். நம்பிக்கைக்காகச் சிறையிலிருப்பவர்களை விடுதலை செய்ய வேண்டும். அவர்களோடு தொழிற்சங்கத் தோழர்களையும் விடுதலை செய்ய வேண்டும். ரோஷன்கூவிலும் ஈவலிலும் பறித்த நிலம் உழுதவனிடம் திரும்ப வேண்டும். வேலையும் பென்சனும் படிப்பும் மதம் கேட்காமல் கிடைக்க வேண்டும். ஈரான்மீது பொருளாதாரத் தடையும் யுத்தமும் கூடாது.

ஒவ்வொரு சங்கக் கிளையிலும், ஒவ்வொரு கிராமக் கமிட்டியிலும் இதைப் படித்துக் காட்டி விவாதியுங்கள், தீர்மானம் போடுங்கள். பக்கத்து மெஷினில் நிற்பவன் என்ன கும்பிடுகிறான் என்று கேட்காதவனே நல்ல தொழிற்சங்கவாதி. அந்தப் பாடத்தை நமது ஆலையில் காப்போம். ஈரானின் உழைக்கும் மக்களும் அதைத் தங்கள் நாட்டில் நிலைநாட்டத் துணை நிற்போம்.